சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலானால்: வாசகர் கேள்வி பதில்

தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. பலர் ஒன்றையே கேட்டிருப்பதால், அவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: இத்தகைய சன்னலுக்கு உயிரே நிறம்தான். அதைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது, கரும்பைப் பிழிந்து சாற்றைக் கொட்டிவிட்டுச் சக்கையைப் பரிமாறுவது போல் இல்லையா?

உவமை சுவையாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சக்கை என்று ஒதுக்குவதில்தான் ஓவியரின் கைவேலை முழுவதும் இருக்கிறது.

இடைக்காலச் சன்னல் ஒன்று உருவான விதத்தைப் பாருங்கள். நிறம் கண்ணாடி உருகும் உலையிலேயே அதனோடு கலந்துவிடுகிறது. கோபால்ட் நீலத்தைத் தருகிறது, செம்பு சிவப்பைத் தருகிறது, மாங்கனீசு ஊதாவைத் தருகிறது. சன்னல் செய்பவரின் மேசைக்கு வரும்போதே அது நீலத் தகடாகவும் சிவப்புத் தகடாகவும் இருக்கும். அதை வேண்டிய வடிவில் வெட்டியபின், முகத்தையும் விரல்களையும் துணி மடிப்பையும் எழுதுவதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு கரும்பழுப்புக் கலவைதான். இரும்பு அல்லது செம்பின் ஆக்சைடைக் கண்ணாடித் தூளோடு அரைத்து, மதுவிலோ சிறுநீரிலோ குழைத்துத் தூரிகையால் தீட்டி, சூளையில் 600 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் சுட்டால் அது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். 1300ஆம் ஆண்டை ஒட்டி வெள்ளிச் சேர்மத்தால் மஞ்சள் ஏற்றும் முறை பரவும்வரை, அந்தத் தூரிகைக்கு வேறு நிறமே தெரியாது.

ஒரு தீர்க்கதரிசியின் முகத்தைத் தொலைநோக்கு லென்ஸ் வழியாக அருகில் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். மேல் இமைக்கு ஒரே இழுப்பில் போட்ட தடித்த கோடு இருக்கும்; மூக்கின் ஓரத்தில் நீர்த்த பூச்சு ஒன்று நிழலாகப் படிந்திருக்கும்; தாடியோ தீட்டப்பட்டதாகவே இராது. கலவையை முழுதாகப் பூசி, உலர்ந்தபின் குச்சி முனையால் இழை இழையாகச் சுரண்டி எடுத்திருப்பார்கள், ஒளி அந்தக் கீறல்கள் வழியே வரும். நிறங்கள் பக்கத்தில் கூச்சலிட்டுக்கொண்டிருக்கும்போது கண்ணுக்குத் தட்டுப்படாத இவையெல்லாம் கறுப்பு வெள்ளையில் முன்னே வந்து நிற்கின்றன.

தவிர, நிறமே இல்லாத சன்னல்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவியர் தம் ஆலயங்களில் வெள்ளைக் கண்ணாடியே இருக்க வேண்டும், உருவங்கள் கூடாது என்று விதி செய்துகொண்டார்கள். இங்கிலாந்தின் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் 'ஐந்து சகோதரிகள்' என வழங்கும் 13ஆம் நூற்றாண்டுச் சன்னல், 16 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஐந்து ஒடுங்கிய பிளவுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண்ணாடித் துண்டுகளைக் கொண்டது. பெரும்பாலும் சாம்பலும் வெளிர்பச்சையுமாக ஓடும் இந்த வகைக்கு கிரிஸாய் என்று பெயர். முதல் முறை பழகுகிறவர்கள் இப்படிப்பட்ட சன்னலில் தொடங்குவதே நல்லது. நிறத்தை என்ன செய்வது என்ற தலைவலி அங்கே பாதிதான்.

கேள்வி: நிறத்தில் எடுத்த படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். சிவப்புப் பின்னணியும் நீல அங்கியும் ஒரே சாம்பலாகி உருவமே மறைந்துவிட்டது. தவறு என்னுடையதா, மென்பொருளுடையதா?

இருவருடையதும் அன்று, கணக்கினுடையது. ஆனால் அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டது உங்கள் பங்கு.

நிறத்தை நீக்கும் சாதாரணக் கட்டளைகளில் பல, பிரகாசத்தைக் கணக்கிடப் பச்சைக்கு ஏறக்குறைய 59 விழுக்காடும், சிவப்புக்கு 30 விழுக்காடும், நீலத்துக்கு வெறும் 11 விழுக்காடும் இடம் தருகின்றன. நம் கண் பச்சைக்குக் கூர்மையாகவும் நீலத்துக்கு மந்தமாகவும் இருப்பதால் வந்த விகிதம் இது. முகங்களையும் நிலக்காட்சிகளையும் எடுக்கும்போது இதில் குறையொன்றும் தெரியாது. ஆனால் பழைய சன்னல்களில் பெரும்பகுதி ஆழ்ந்த சிவப்பும் ஆழ்ந்த நீலமும்தான். இரண்டுமே கணக்கில் தாழ்ந்த மதிப்பு பெற்று, ஏறத்தாழ ஒரே கருஞ்சாம்பலில் போய் விழுகின்றன. எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. அன்னை மரியாளின் நீல மேலாடையைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டியபின் பார்த்தால், அந்தரத்தில் ஒரு முகமும் இரண்டு கைகளும் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

தீர்வு எளிது, ஆனால் முடிவெடுக்கத் தெரிய வேண்டும். கேமரா பதிவு செய்த தரவை மாற்றாமல் அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுங்கள். மென்பொருளில் நிறத்தை வெறுமனே நீக்காமல், கறுப்பு வெள்ளைக் கலவைப் பகுதியைத் திறந்து ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய சாம்பலை நீங்களே நகர்த்தி நிறுத்துங்கள். நீலத்தைச் சற்று உயர்த்திச் சிவப்பைத் தாழ்த்தினால் அங்கி பின்னணியிலிருந்து பிரிந்து வரும். மாற்றிச் செய்தாலும் பிரியும், ஆனால் படத்தின் குணம் மாறிவிடும். நான் பெரும்பாலும் நீலத்தையே வெளிறச் செய்கிறேன். பிரான்சின் பல பழைய ஆலயங்களைப் புதுப்பித்த 19ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக், சன்னலில் உள்ள நீலம் தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்து நிறங்களின் மேல் பரவுகிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஷார்த்ர் பேராலயத்தில் சிறிது நேரம் நின்றவர்களுக்கு அது கண்கூடு. அந்தப் பரவலைச் சாம்பலில் உணர்த்த வேண்டுமானால் நீலத்துக்குக் கொஞ்சம் ஒளி தந்தாக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. படத்தின் பிரகாசப் பரவலைக் காட்டும் வரைபடமான கேமராவின் மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும்போதே, அடர்நீலக் கண்ணாடியில் நீலத்தைப் பதிவு செய்யும் சானல் மட்டும் உச்சத்தில் முட்டி வெட்டுப்பட்டிருக்கலாம். அப்படி வெட்டுப்பட்ட இடத்தில் பின்னர் நீலத்தை எவ்வளவு நகர்த்தினாலும் தூரிகைக் கோடு திரும்பி வராது. மூன்று சானல்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துவிட்டே இடத்தை விட்டு நகருங்கள்.

ஃபிலிமில் எடுப்பவர்கள் இதே முடிவை லென்ஸுக்கு முன்னால் எடுக்க வேண்டும். சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவப்பு வெளிறி, நீலம் கறுத்துப்போகும். நீல ஃபில்டர் அதற்கு நேர்மாறு. மஞ்சள் ஃபில்டருக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு ஒளி), அடர்சிவப்புக்கு மூன்று ஸ்டாப் என்று கூடுதல் ஒளி தர வேண்டியிருப்பதையும் மறக்காதீர்கள். ஏற்கெனவே ஒரு நொடி கேட்கும் சன்னல், சிவப்பு ஃபில்டருடன் எட்டு நொடி கேட்கும்.

கேள்வி: நூறாண்டுக்கு முந்தைய சன்னல் படங்கள் சிலவற்றில் நீலம் வெள்ளையாகவும் சிவப்பு முழுக் கறுப்பாகவும் இருக்கிறது. படங்கள் கெட்டுப்போனதால் இப்படியா?

இல்லை, அவை எடுத்த நாளிலேயே அப்படித்தான் இருந்தன. அக்காலத்தில் ஃபிலிமுக்குப் பதிலாகக் கேமராவில் வைத்த கண்ணாடித் தகடுகளில் பூசப்பட்ட வெள்ளி உப்பு இயல்பாகவே நீலத்தையும் புற ஊதாவையும் மட்டும்தான் உணரும். சிவப்பு அதற்கு இருட்டு. 1873இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் வெள்ளி உப்பு பச்சையையும் உணரத் தொடங்கும் என்று கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடுகள் 1906இல்தான் விற்பனைக்கு வந்தன. அதன்பிறகும் விலையும் பழக்கமும் காரணமாகப் பலர் பழைய வகையையே விடவில்லை. சிவப்பு விளக்கில் தகட்டைக் கண்ணால் பார்த்தபடி கழுவும் வசதி அதில் இருந்தது.

இன்னொரு தொல்லையும் அவற்றில் தெரியும். கண்ணாடித் துண்டுகளைச் சுற்றி ஒளி கசிந்து, துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் மெலிந்து, சில இடங்களில் காணாமலே போயிருக்கும். சன்னலின் ஒளி பூச்சைக் கடந்து தகட்டின் பின்புறத்தில் பட்டுத் திரும்பி, பூச்சை மறுபடியும் தாக்குவதால் வருவது இது. இன்றைய ஃபிலிம்களின் பின்புறத்தில் இதைத் தடுக்கும் பூச்சு உண்டு.

அந்தப் பழைய படங்களைப் பிழை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்தி மங்கும் நேரத்தில் தேவாலயத்துக்குள் உட்கார்ந்து பாருங்கள்: சிவப்புகள் முதலில் அணைந்து கறுக்கும், நீலம் மட்டும் நெடுநேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். மங்கிய ஒளியில் நம் கண்ணின் உணர்வு நீலத்தின் பக்கம் நகர்வதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புர்கின்யே என்ற செக் அறிஞர் விளக்கினார். நண்பகலில் எடுத்த அந்தத் தகடுகள், தற்செயலாக, அந்தி நேரத்துச் சன்னலைக் காட்டுகின்றன.

கேள்வி: ஃபிளாஷ் பயன்படுத்தலாமா?

கூடாது. சன்னலுக்கு ஒளி வெளியிலிருந்து வர வேண்டும். நீங்கள் உள்ளிருந்து அடித்தால் தூசியும் ஈயத்தின் அழுக்கும்தான் பதிவாகும். உள்ளே எரியும் விளக்குகளை அணைக்க அனுமதி கிடைத்தால் அதையும் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: சன்னல் சரியாக வந்தால் சுவர் இருண்டுவிடுகிறது; சுவர் தெரிந்தால் சன்னல் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. எதற்கு ஒளி அளவு வைப்பது?

அவை இரண்டு வெவ்வேறு படங்கள் என்று முதலில் மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். சன்னலுக்கு ஒரு நொடி போதுமான இடத்தில் அதை அடுத்த கல் சுவர் ஒரு நிமிடத்துக்கும் மேல் கேட்கக்கூடும். ஆறு ஸ்டாப் வேறுபாடு என்பது அங்கே சர்வ சாதாரணம்.

சன்னலே பொருள் என்றால், சுவரைக் கைவிடுங்கள். அது கறுப்பாகட்டும். அளவு வைக்க வேண்டிய இடம் முகமும் கைகளும் உள்ள வெளிர் கண்ணாடி, ஏனென்றால் மிக நுண்ணிய தூரிகை வேலை அங்கேதான் இருக்கிறது, முதலில் வெளிறி அழிவதும் அதுவே. ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் ஒரு முகத்தை அளந்தால், மீட்டர் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். அதைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். ஈயப் பட்டைகளில் விவரம் தேடாதீர்கள். அவை முழுக் கறுப்பாக இருந்தால்தான் மற்றச் சாம்பல்கள் எல்லாம் தத்தம் இடத்தில் நிற்கும். இதற்கு முக்காலி இன்றியமையாதது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று நிலையாக வைத்துக்கொண்டு ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். கேமராவின் தானியங்கி அளவை நம்ப வேண்டாம். சட்டகத்துக்குள் இருண்ட சுவர் அதிகமாக இருந்தால் அது ஏமாந்து, சன்னலை எரித்துவிடும்.

சன்னலும் கட்டடமும் சேர்ந்தே வேண்டும் என்றால், ஃப்ரெடரிக் எச். எவன்ஸின் (1853–1943) படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். லண்டனில் புத்தகக் கடை நடத்திப் பின்னர் பேராலயங்களைப் படமெடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் அவர். இங்கிலாந்தின் வெல்ஸ் நகரப் பேராலயத்தின் தேய்ந்த படிகளை 1903இல் அவர் எடுத்த 'படிக்கட்டுகளின் கடல்' பலருக்கு அறிமுகமாகியிருக்கும். அவர் ஒளி மென்மையாகும் வேளைக்காகக் காத்திருந்து, நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்து, பிளாட்டினம் தாளில் அச்சிட்டார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே மிக நீண்ட சாம்பல் வரிசையைத் தாங்கக்கூடிய தாள் அது. முதல் உலகப் போரையொட்டி அத்தாள் அரிதாகி விலை எகிறியபோது அவர் படமெடுப்பதையே நிறுத்திக்கொண்டார். வேறு தாளில் தம் சன்னல்கள் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று வெவ்வேறு ஒளி அளவில் பல எக்ஸ்போஷர்களை எடுத்துக் கணினியில் இணைக்கலாம், நானும் செய்கிறேன். ஆனால் சுவரும் சன்னலும் ஒரே பிரகாசத்தில் தெரியுமளவு இணைத்துவிட்டால், சன்னல் சுவரில் மாட்டிய நாட்காட்டியாகிவிடும். சுவர் சன்னலைவிடக் குறைந்தது மூன்று ஸ்டாப் தாழ்ந்தே இருக்கட்டும்.

கேள்வி: என் படத்தில் சன்னலின் மேல் கட்டம் கட்டமாக ஒரு நிழலும், கிளை கிளையாக விரிசல்களும் தெரிகின்றன. நேரில் அவை இருந்ததாக நினைவில்லை.

கட்டங்கள், கல்லடியிலிருந்து காக்க வெளிப்புறம் பொருத்திய கம்பி வலையின் நிழல். விரிசல்கள் மரக்கிளைகளாக இருக்க வேண்டும். நிறத்தில் பார்க்கும்போது மூளை இவற்றைத் தள்ளிவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் ஈயக் கோடும் கிளைக் கோடும் ஒரே சாதியாகிவிடுகின்றன. நேர்வெயில் பட்டால் வலையின் நிழல் கூர்மையாக விழும், சூரியன் இருக்கும் இடம் வெள்ளைக் குழியாகும். வானம் முழுதும் மெல்லிய மேகம் மூடிய நாளுக்குக் காத்திருங்கள். மேகம் முழு வானத்தையும் ஒரே ஒளித் திரையாக்கும்போது வலையின் நிழல் கரைந்து, சன்னலின் மேலும் கீழும் ஒரே சீராக வரும். கிளைகளுக்கு மட்டும் மேகம் உதவாது. தெளிந்த கண்ணாடி உள்ள பகுதிகளில் அவை தெரிந்துகொண்டேதான் இருக்கும். நிற்கும் இடத்தை ஓரடி இரண்டடி மாற்றிப் பாருங்கள், அல்லது இலையுதிர்ந்த பருவத்தில் திரும்பி வாருங்கள்.

கேள்வி: உயரத்தில் உள்ள சன்னல்கள் மேலே போகப் போகக் கூம்பிவிடுகின்றனவே?

கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வருவது. எதிர்ச்சுவர் வரை பின்னால் போய் நீண்ட லென்ஸைப் பயன்படுத்துங்கள். மாடம் இருந்தால் ஏற அனுமதி கேளுங்கள். கணினியில் நிமிர்த்தலாம், ஆனால் பாரிஸின் சேன்த் ஷாப்பேல் ஆலயத்தில் உள்ளவை போன்ற 15 மீட்டர் உயரச் சன்னல்களைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்த்தினால் மேல்வரிசை உருவங்களெல்லாம் இழுபட்டு ஒல்லியாகிவிடும்.

கேள்வி: உலகின் முதல் நெகட்டிவே ஒரு சன்னலின் படம்தான் என்று படித்தேன். உண்மையா?

இன்றுவரை எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது என்று சொன்னால் சரி. 1835 ஆகஸ்டில் ஒளிப்படக் கலையின் முன்னோடியான இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தம் இல்லமான லேகாக் ஆபியில், முன்னொரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த கட்டடத்தில், சாய்கட்டச் சட்டம் போட்ட சன்னல் ஒன்றை எடுத்தார். வண்ணக் கண்ணாடி அன்று, வெறும் கண்ணாடிதான். அதனோடு அவர் எழுதி வைத்த குறிப்பில், படம் புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 200 கண்ணாடிச் சதுரங்களையும் உருப்பெருக்கி வைத்து எண்ண முடிந்தது என்கிறார்.

கேள்வி: நிறப் படம் இவ்வளவு எளிதாகிவிட்ட இக்காலத்தில், சன்னல்களைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பதிவால் இன்னும் பயன் உண்டா?

உண்டு. இரண்டு உலகப் போர்களின் போதும் ஷார்த்ரின் சன்னல்களைக் கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். எல்லா ஊருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. எஞ்சியவற்றை நாடுதோறும் பதிவு செய்ய 1952இல் கார்ப்பஸ் விட்ரியாரம் என்ற பன்னாட்டு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. அதன் தொடக்ககாலத் தொகுதிகளில் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளையே. அன்றைய நிற ஃபிலிமின் சாயங்கள் மங்கக்கூடியவை. ஒழுங்காகக் கழுவிய வெள்ளி நெகட்டிவ் நிலைத்து நிற்கிறது. எந்த முகத்தில் எந்தக் கோடு அப்போது இருந்தது, இன்று உதிர்ந்துவிட்டது என்று ஒப்பிட அவைதான் கைகொடுக்கின்றன.

நீங்கள் ஓர் ஆலயத்துக்காகப் பதிவு செய்வதானால், நிறப் படமும் எடுத்துத்தான் ஆக வேண்டும். என் விருப்பத்தை அதில் நுழைக்க மாட்டேன். கூடவே, வெளிச்சம் குறைந்த வேளையில் பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுங்கள். கண்ணாடியில் விழுந்த அரிப்புக் குழிகளும், உயர்ந்து நிற்கும் தூரிகைப் பூச்சும், பிற்காலத்தில் மாற்றிய ஈயமும் அதில்தான் தெரியும். ஃபிளாஷ் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விதிவிலக்கு.

கேள்வி: தரையிலும் தூண்களிலும் விழும் வண்ண ஒளித் திட்டுகளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கும்போது, சன்னலின் உருவம் ஏன் தெளிவாக வருவதில்லை? என் ஃபோகஸில் கோளாறா?

ஃபோகஸ் சரியாகவே இருக்கும். சூரியன் ஒரு புள்ளியன்று. வானில் ஏறக்குறைய அரை டிகிரி அகலம் கொண்ட வட்டம். ஆகவே கண்ணாடியின் ஒவ்வோர் ஓரமும் தரையில் விழும்போது, கடந்து வந்த தூரத்தின் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் கலங்கிவிடும். சன்னலுக்கும் தரைக்கும் 10 மீட்டர் என்றால் கலக்கம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். அதைவிடச் சிறிய துண்டுகளும், அவற்றைப் பிரிக்கும் விரலளவுகூட இல்லாத ஈயப் பட்டைகளும் ஒன்றோடொன்று கரைந்துபோவதில் வியப்பில்லை. பழைய கண்ணாடியின் மேடுபள்ளம் வேறு ஒளியை இன்னும் சிதறடிக்கும்.

தெளிவு வேண்டுமானால் சன்னலுக்கு அருகில் உள்ள பரப்பைத் தேடுங்கள். சன்னல் பொதிந்திருக்கும் சுவரின் உள்விளிம்புக் கல்லில், ஒரு மீட்டர் தூரத்துக்குள் விழும் ஒளியில் கலக்கம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கே ஈயக் கோடுகளைக்கூட எண்ணலாம். வெயில் சாய்ந்து அந்தக் கல்லைத் தொடுவது நாளில் சில நிமிடங்களுக்குத்தான். முதல் நாள் போய் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அரை மணி முன்னதாக முக்காலியை நிறுத்திவிடுங்கள்.